ஏர் டிரான்சாட் 236: எரிபொருள் எங்கே போனது?

கனடாவின் ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் 236ஆம் எண் விமானம் என்றாலே எல்லோரும் கடைசி 19 நிமிடத்தைத்தான் பேசுவார்கள். இரண்டு எஞ்சினும் நின்றுபோன ஏர்பஸ் ஏ330, 306 பேருடன் அட்லாண்டிக் கடல்மேல் சறுக்கிவந்து, போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள லாஜஸ் விமானத்தளத்தில் இறங்கியது. பயணிகள் ஜெட் ஒன்று எஞ்சின் இல்லாமல் இவ்வளவு தூரம் பறந்ததில்லை. பாராட்டப்பட வேண்டிய விமானமோட்டல், சந்தேகமில்லை. ஆனால் நல்ல எஞ்சின், நல்ல இறக்கை, போதுமான எரிபொருள் எல்லாம் இருந்த விமானம் எப்படி வெறும் தொட்டியோடு முடிந்தது என்ற கேள்விக்கு அந்த 19 நிமிடத்தில் விடை கிடையாது. விடை அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்திலும், ஒரு வாரத்துக்கு முன் கனடாவில் ஒரு ஹேங்கரில் நடந்த எஞ்சின் மாற்றத்திலும் இருக்கிறது.

புறப்பாடு

2001 ஆகஸ்ட் 24, உலகப் பொது நேரம் 00:52. டொரோன்டோவிலிருந்து லிஸ்பனுக்கு விமானம் கிளம்பியது. (இனி வரும் நேரங்கள் எல்லாம் உலகப் பொது நேரமே. கோடையில் அசோர்ஸின் உள்ளூர் நேரமும் அதுதான்.) ஏ330-243 ரகம், ரோல்ஸ்-ராய்ஸ் டிரென்ட் 700 வரிசை எஞ்சின்கள், 293 பயணிகள், 13 பணியாளர்கள். கேப்டன் ராபர்ட் பிஷேவுக்கு வயது 48, சுமார் 16,800 மணி நேரப் பறப்பு அனுபவம். துணை விமானி டிர்க் டி ஜாகருக்கு வயது 28, சுமார் 4,800 மணி. தொட்டிகளில் 46.9 டன் எரிபொருள். விதிகள் கேட்பதைவிட 4 டன்னுக்கும் அதிகமாகவே இருந்தது. எரிபொருள் குறைவாக ஏற்றிய கதை இல்லை இது.

அன்று அட்லாண்டிக் பாதைகளில் நெரிசல். அதனால் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு இந்த விமானத்தைத் திட்டமிட்ட பாதையைவிட சுமார் 60 கடல் மைல் தெற்கே தள்ளி அனுப்பியது. அப்போது யாருக்கும் அது பொருட்டாகப் படவில்லை. லாஜஸ் தளம் எட்டும் தூரத்தில் இருந்ததற்கு அந்தத் திசைமாற்றமும் ஒரு காரணம்.

குழாய் ஒன்று, குழாய் இரண்டு

ஆகஸ்ட் நடுவில் இந்த விமானத்தின் வலது எஞ்சினைக் கழற்றி, தயாரிப்பாளரிடமிருந்து கடனாக வந்த வேறொரு எஞ்சினை மாட்டினார்கள். வந்த எஞ்சின் பழைய அமைப்பில் இருந்தது. கழற்றியதோ தயாரிப்பாளர் வெளியிடும் திருத்தக் குறிப்பான சர்வீஸ் புல்லட்டின் ஒன்றின்படி திருத்தப்பட்டது. ஹைட்ராலிக் பம்ப், அதையொட்டிச் செல்லும் எரிபொருள் குழாய், ஹைட்ராலிக் குழாய் ஆகிய மூன்றுமே திருத்தத்தில் மாறியிருந்தன. மூன்றும் பழையதாக இருக்கலாம், மூன்றும் புதியதாக இருக்கலாம். கலந்து மாட்டக் கூடாது.

வேலை பாதி நடந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கழற்றிய எஞ்சினிலிருந்து எடுத்த பின்பக்க ஹைட்ராலிக் பம்ப்பைப் புதிய எஞ்சினில் பொருத்தப்போனால் எரிபொருள் குழாய் இடித்தது. சர்வீஸ் புல்லட்டின் ஒன்று இருக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் கணினி வழியாக அதைத் திறக்க முடியவில்லை. விமானத்தை அடுத்த பயணத்துக்கு விட வேண்டிய அவசரம் வேறு. கடைசியில் கழற்றிய எஞ்சினின் எரிபொருள் குழாயை எடுத்து மாட்டினார்கள். பம்ப் இப்போது உட்கார்ந்துவிட்டது. ஹைட்ராலிக் குழாய் மட்டும் பழைய வடிவத்திலேயே நின்றது.

இரண்டு குழாய்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. ஹைட்ராலிக் குழாயைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கியபோது இடைவெளி கிடைத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் சரியாகவே தெரியும். ஆனால் எஞ்சின் ஓடத் தொடங்கி, ஹைட்ராலிக் அழுத்தம் ஏறியதும் குழாய் தன் பழைய நிலைக்கே திரும்ப முயலும். திரும்பியது. எரிபொருள் குழாய்மேல் படிந்தது. எஞ்சினின் அதிர்வில் உலோகமும் உலோகமும் உரசத் தொடங்கின. எரிபொருள் குழாயில் விரிசல் விழச் சில நாள் பறப்பே போதுமாக இருந்தது.

இதை மெக்கானிக்கின் அலட்சியம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது சுலபம். பாகம் இடிக்கிறது என்பதைக் கண்டுபிடித்ததும், கேள்வி கேட்டதும் அவர்கள்தான். பதில் கையில் கிடைக்காதபோது வேலையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே குறை. ஒரு பாகத்தை மாற்றினால் அதோடு இணைந்த மற்றவற்றையும் பார்க்க வேண்டும் என்று எச்சரிக்கும் ஆவணம் எட்டாத இடத்தில் இருந்தது, இடித்த பாகத்தை மட்டும் மாற்றும் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மறைந்தே இருந்த கசிவு

04:38 அளவில் வலது எஞ்சினில் கசிவு தொடங்கியது. காக்பிட்டில் எதுவும் தெரியவில்லை. 05:03க்கு விமானிகள் கவனித்த முதல் அறிகுறி எரிபொருளைப் பற்றியதே இல்லை. வலது எஞ்சினின் எண்ணெய் வெப்பநிலை குறைந்திருந்தது, எண்ணெய் அழுத்தம் கூடியிருந்தது. இடது எஞ்சினில் எண்ணெய் 110 டிகிரி, வலதில் 65 டிகிரி. அழுத்தம் இடதில் 80, வலதில் 150.

இப்போது காரணம் தெரியும். எஞ்சின் எண்ணெயைக் குளிர்விப்பது எரிபொருள்தான். இரண்டும் ஒரு வெப்பப் பரிமாற்றியில் ஒன்றையொன்று தொடாமல் கடந்துபோகும். விரிசல் அந்தப் பரிமாற்றியைத் தாண்டிய இடத்தில். எனவே வெளியே கொட்டிய எரிபொருளும் பரிமாற்றி வழியாகவே போனது. குளிர்ந்த எரிபொருள் வழக்கத்தைவிடப் பல மடங்கு அளவில் ஓடியதால் எண்ணெய் சில்லிட்டது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாகும், அழுத்தம் ஏறும். ஆனால் அந்த இரவில் காக்பிட்டில் இருந்தவர்களுக்கு இந்தத் தொடர்பைச் சொல்ல எந்தச் செக்லிஸ்டும் இல்லை. நிறுவனத்தின் பராமரிப்பு மையத்தைத் தொடர்புகொண்டார்கள். அங்கேயும் விளக்கம் கிடைக்கவில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்களைப் பார்த்தால் கருவிதான் தப்பாகக் காட்டுகிறது என்று நினைக்கத் தோன்றும். இந்த முதல் சந்தேகம் அடுத்து வந்த உண்மையான எண்களின் மேலும் ஒட்டிக்கொண்டது.

எஞ்சினுக்குள் போகும் எரிபொருளின் அளவைக் காட்டும் மீட்டரும் உதவவில்லை. கசிவு மீட்டருக்கு முன்னாலேயே. எஞ்சின் எரித்தது எவ்வளவோ அவ்வளவைத்தான் மீட்டர் காட்டியது. கொட்டிப்போனது கணக்கில் வரவே இல்லை.

மூன்றாவதாகக் கசிவை மறைத்தது வால் தொட்டி. ஏ330இன் கிடைமட்ட வால் இறக்கைக்குள் ஒரு சிறு தொட்டி உண்டு. ஈர்ப்பு மையத்தைச் சரியான இடத்தில் வைக்க விமானக் கணினி அதற்குள் எரிபொருளை அனுப்பும், பிறகு முன்னால் கொண்டுவரும். வலது இறக்கை காலியாகத் தொடங்கியதும் கணினி வால் தொட்டியின் எரிபொருளை முன்னுக்குத் தள்ளியது. அதன் வேலை அது. விளைவு, இரண்டு இறக்கைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு சில நிமிடங்கள் தள்ளிப்போடப்பட்டது. கசிவைக் காட்டிக்கொடுக்க வேண்டிய ஒரே தெளிவான அறிகுறி தாமதமாகத் தலைகாட்டியது.

05:33

இரு இறக்கைகளின் எரிபொருள் வித்தியாசம் 3 டன்னைத் தாண்டியதும் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. மணியோ, சிவப்பு விளக்கோ கிடையாது. எரிபொருள் சமநிலையில் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அளவில் ஒரு தகவல். எரிபொருள் சமநிலைக் குலைவு நீண்ட பறப்பில் அவ்வப்போது வருவதுதான். வைத்தியமும் எல்லோருக்கும் மனப்பாடம்: இரண்டு பக்கத்தையும் இணைக்கும் க்ராஸ்ஃபீட் வால்வைத் திறக்க வேண்டும், குறைவாக உள்ள பக்கத்தின் பம்ப்புகளை அணைக்க வேண்டும், கனமான பக்கத்துத் தொட்டி இரண்டு எஞ்சினுக்கும் ஊட்டும், கொஞ்ச நேரத்தில் சமமாகிவிடும்.

விமானிகள் இதைத்தான் செய்தார்கள், செக்லிஸ்டைப் புரட்டாமல் நினைவிலிருந்து. இடது இறக்கையின் எரிபொருள் வலது எஞ்சினுக்குப் போகத் தொடங்கியது. விரிசல் விழுந்த குழாயும் அதே எஞ்சினில். நல்ல குடத்துத் தண்ணீரை ஓட்டைக் குடத்தில் ஊற்றிய கதை.

செக்லிஸ்டை எடுத்துப் படித்திருந்தால் அதிலேயே ஒரு எச்சரிக்கை இருந்தது. எரிபொருள் கசிவு என்று சந்தேகம் இருந்தால் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, கசிவுக்கான நடைமுறைக்குப் போக வேண்டும். அந்த நடைமுறை சொல்வது நேர் எதிரானது. கசிவு எஞ்சினில்தான் என்று உறுதியானால் அந்த எஞ்சினை ஐடில் என்னும் மிகக் குறைந்த ஓட்டத்துக்குக் கொண்டுவந்து அணை. அணைத்ததும் எரிபொருள் வழி மூடப்படும், கசிவு நிற்கும், அதற்குப் பிறகு க்ராஸ்ஃபீட்டைப் பயன்படுத்தலாம். கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் க்ராஸ்ஃபீட் மூடியே இருக்க வேண்டும். ஒரு பக்கத்து நோய் மறுபக்கத்துக்குப் போகக் கூடாது என்பதே இதன் உட்கருத்து.

அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலது எஞ்சின் கட்டாயம் நின்றிருக்கும். இடது இறக்கையில் மிச்சமிருந்த எரிபொருளில் ஒற்றை எஞ்சினோடு லாஜஸ் வரை வந்திருக்கலாம். விசாரணை அறிக்கையும் இந்த முடிவுக்கே வந்தது. கசிவு நடைமுறையைச் செய்யாததே எரிபொருள் முற்றிலும் தீர முக்கியக் காரணம்.

ஆனால் இதில் ஒரு நியாயமான கேள்வி உண்டு. செக்லிஸ்டின் எச்சரிக்கை, கசிவு என்று சந்தேகித்தால், என்று தொடங்குகிறது. சந்தேகமே வராதவருக்கு அந்த வரியால் என்ன பயன்? இந்த விமானிகளுக்குச் சிமுலேட்டரில் எரிபொருள் கசிவுப் பயிற்சி தரப்பட்டதே இல்லை. மீட்டர் வழக்கம்போல் காட்டுகிறது, வால் தொட்டி கணக்கைக் குழப்பியிருக்கிறது, எண்ணெய் விவகாரம் கருவிக் கோளாறு போலத் தெரிகிறது. கையில் இருந்த ஒரே உறுதியான சோதனை ஒரு கூட்டல் கணக்கு. இதுவரை எரித்ததாக எஞ்சின்கள் காட்டும் அளவையும், தொட்டிகளில் இப்போது மிச்சமிருக்கும் அளவையும் கூட்டினால் புறப்படும்போது ஏற்றியது வர வேண்டும். இங்கே 46.9 டன்னுக்குப் பக்கத்தில். பல டன் குறைந்தால் எங்கோ கொட்டுகிறது. எரிபொருள் அளவி தப்பு என்று நினைப்பவர்களும் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். காரணம், அளவி கெட்டுப்போனால் பெரும்பாலும் எண் தாவும், உறையும். இப்படி ஒழுங்காக இறங்கிக்கொண்டே போகாது.

எண்கள் இறங்குவதைப் பார்த்து 05:45க்கு லாஜஸ் நோக்கித் திருப்பினார்கள். சில நிமிடங்களில் அப்பகுதியின் வான்போக்குவரத்தைக் கவனிக்கும் சாண்டா மரியா கட்டுப்பாட்டு மையத்துக்கும் எரிபொருள் நிலையைத் தெரிவித்தார்கள். இந்த முடிவு முழுக்கச் சரி, காரணம் புரியாமலே எடுத்ததால் இன்னும் பாராட்டத்தக்கது. கேபின் பணியாளர்களை ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்க்கச் சொன்னார்கள். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. கசிவு இல்லை என்பதற்கு அது சான்றல்ல. இரவில், எஞ்சின் கூட்டுக்கு உள்ளிருந்து, காற்று பின்னால் அடித்துச் செல்லும் எரிபொருளை ஜன்னலிலிருந்து காண்பது அரிது. ஆனாலும் பார்த்தோம், காணவில்லை என்ற பதில், கருவிக் கோளாறு என்ற எண்ணத்தைக் கொஞ்சம் இறுக்கியிருக்கும்.

இரண்டும் நின்றன

06:13. 39,000 அடி. லாஜஸுக்குச் சுமார் 150 கடல் மைல் இருக்கும்போது வலது எஞ்சின் அணைந்தது. ஒற்றை எஞ்சினால் அந்த உயரத்தில் நிற்க முடியாது, கீழே இறங்கத் தொடங்கினார்கள். 06:26க்கு, சுமார் 34,500 அடியில், 65 கடல் மைல் மிச்சமிருக்க, இடது எஞ்சினும் அணைந்தது.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல் விழும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விழாது. நின்றுபோவது உந்துவிசை மட்டும். மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காத்தால் இறக்கை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், உயரம் மெல்லச் செலவாகும். மற்றதெல்லாம் போய்விடுவதுதான் பெரிய தலைவலி. எஞ்சினில் ஓடும் ஜெனரேட்டர்கள் நின்றன, ஹைட்ராலிக் பம்ப்புகள் நின்றன, கேபினுக்கு அழுத்தக் காற்று நின்றது. வால் பகுதியில் உள்ள துணை எஞ்சினான ஏபியுவை ஓட்டவும் எரிபொருள் வேண்டும், அதுவும் இல்லை. 2009இல் நியூயார்க்கில் பறவை மோதி ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏ320இல் கேப்டன் உடனே ஏபியுவை ஓடவிட்டார், அதனால் மின்சாரம் முழுதாகக் கிடைத்தது. அந்த வசதி இங்கே இல்லை.

மிஞ்சியது ராம் ஏர் டர்பைன். இறக்கையின் அடியிலிருந்து தானாக வெளியே விழுந்து, எதிர்க்காற்றில் சுழலும் சிறிய விசிறி. ஏ330இல் இது பச்சை எனப்படும் ஹைட்ராலிக் அமைப்புக்கு அழுத்தம் தரும். அந்த அழுத்தத்தில் ஓடும் மோட்டார் அவசர ஜெனரேட்டரைச் சுற்றும். கிடைப்பது குறைவு: கேப்டன் பக்கத்து முக்கியத் திரைகள், ரேடியோ, கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைக்கப் போதுமான விசை. தானியங்கி விமானி இல்லை. குறைந்த வேகத்தில் இறங்க உதவும் இறக்கையின் பின்விளிம்புப் பலகைகளான ஃபிளாப்புகள் இல்லை. இன்னொரு வரம்பும் உண்டு. காற்று வேகம் குறைந்தால் டர்பைனின் வலுவும் குறையும். வேகமே உயிர், வேகமே மின்சாரம்.

கேபினில் அழுத்தம் குறைந்து ஆக்சிஜன் மாஸ்க்குகள் விழுந்தன. பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்தார்கள், கடலில் இறங்கும் ஆயத்தம் நடந்தது. இரண்டுக்கும் தயாராவதே சரி. தரை கிடைக்குமா என்பது அப்போது உறுதியில்லை.

உயரத்தைச் செலவழிப்பது

எரிபொருள் இல்லாமல் சறுக்கும்போது இரண்டு வேகங்களுக்கு இடையே தேர்வு. எஞ்சினை மீண்டும் இயக்க முயல்வதானால் வேகமாகப் பறக்க வேண்டும், காற்று எஞ்சினைச் சுழற்ற வேண்டும். தொட்டி காலி என்றால் அதில் அர்த்தமே இல்லை, அதிகத் தூரம் போகும் வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏர்பஸ் திரையில் அது பச்சைப் புள்ளியாகக் காட்டப்படும். எடை கூடினால் அந்த வேகம் கூடும், ஆனால் காற்றில்லா நாளில் ஒரு அடி உயரத்துக்கு எத்தனை அடி தூரம் என்ற விகிதம் எடையால் மாறாது. இதைச் சரியாகப் பிடித்தவர் தூரத்தை வாங்கலாம். வேகத்தைக் குறைத்தால் தூரம் கூடும் என்று மூக்கைத் தூக்குபவர் இழுவையை அதிகரித்து இரண்டையும் இழப்பார்.

கணக்கைப் பாருங்கள். 34,500 அடியிலிருந்து 13,000 அடிக்கு இறங்கும்வரை இவர்கள் கடந்தது சுமார் 57 கடல் மைல். அதாவது 6.5 கிலோமீட்டர் உயரத்துக்கு 105 கிலோமீட்டர் தூரம். சுமார் 16க்கு 1. இறக்கம் நிமிடத்துக்கு 2,000 அடி அளவில். லாஜஸ் ரேடார் வழிகாட்டியது, ஓடுபாதை விளக்குகள் முழு ஒளியில் எரிந்தன. விடியல் இன்னும் முழுதாக வரவில்லை.

டெர்சைரா தீவின் லாஜஸ் போர்ச்சுகல் விமானப்படையின் தளம், அமெரிக்காவும் பயன்படுத்துவது. ஓடுபாதை 10,000 அடிக்கும் நீளம். 33 என்று எண்ணிடப்பட்ட ஓடுபாதையின் முனையிலிருந்து சுமார் 8 கடல் மைலில் விமானம் 13,000 அடியில் இருந்தது. வழக்கமான 3 டிகிரிச் சரிவில் அந்த இடத்தில் இருக்க வேண்டிய உயரம் 2,500 அடியைச் சுற்றி. பத்தாயிரம் அடி அதிகம்!

இது பிழை அல்ல. எஞ்சின் இல்லாதவருக்கு உயரம் குறைவாக வந்தால் மருந்தே கிடையாது, அதிகமாக வந்தால் பல மருந்து உண்டு. எனவே முதலில் ஓடுபாதைக்கு மேலே வந்துவிடு, பிறகு உயரத்தை இறக்கு. பிஷே இடப்பக்கமாக ஒரு முழுவட்டம் போட்டார். வட்டத்திலேயே இறக்கையின் முன்விளிம்புப் பலகைகளான ஸ்லாட்டுகளை நீட்டி, சக்கரங்களையும் இறக்கினார்கள். சக்கரம் வெளியே வந்தால் இழுவை பெரிதாகக் கூடும். பின்வாங்க முடியாத செயல் அது, இறங்கிய சக்கரத்தைத் திரும்ப உள்ளிழுக்கும் விசை இல்லை. எனவே எப்போது இறக்குவது என்பதே அந்த நேரத்தின் முக்கிய முடிவு. வட்டம் முடிந்தும் உயரம் மிச்சம் இருந்தது. இடமும் வலமுமாக வளைந்து அதையும் கழித்தார்கள்.

1983 ஜூலை 23 அன்று கனடாவின் கிம்லியில் எரிபொருள் தீர்ந்து இறங்கிய ஏர் கனடா போயிங் 767ஐ இங்கே ஒப்பிடலாம். பவுண்டும் கிலோவும் குழம்பிக் குறைவாக ஏற்றிய விமானம் அது. அவர்களும் அதிக உயரத்தில் வந்து சேர்ந்தார்கள், ஆனால் வட்டம் போட இடமில்லை. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டியவர். சுக்கானையும் இறக்கையையும் எதிரெதிராக வைத்துப் பக்கவாட்டில் சறுக்கி உயரத்தை இறக்கினார். வேகம் குறையக் குறைய டர்பைனின் விசையும் குறைந்து கட்டுப்பாடு கனத்துப்போனது. ஜெட் விமானத்தில் அதைச் செய்ய எந்தப் புத்தகமும் சொல்லாது. 1982 ஜூன் 24 அன்று ஜாவாவில் காலுங்குங் எரிமலைச் சாம்பலில் நான்கு எஞ்சினும் நின்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 வேறு வகை. அங்கே எரிபொருள் இருந்தது, சாம்பலைவிட்டு வெளியே வந்ததும் எஞ்சின்கள் மீண்டும் ஓடின. அந்த விமானச் சேவை லண்டனிலிருந்து பம்பாய், சென்னை வழியாக வந்தது என்பது தமிழ் வாசகர் பலருக்குப் புதிதாக இருக்கலாம்.

06:45

ஓடுபாதை முனையைக் கடக்கும்போது வேகம் சுமார் 200 நாட், அதாவது மணிக்கு 370 கிலோமீட்டர். ஃபிளாப் இருந்தால் ஏ330 இறங்குவது 140 நாட் அளவில். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லையே என்று தோன்றலாம், ஆனால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கம், அது இரண்டு மடங்கு. வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று சொல்வது எளிது. இரண்டாவது வாய்ப்பு இல்லாதவர் முன்பே தொட்டுவிடாமல், ஓடுபாதைக்குள் விழுவதையே முதலில் உறுதி செய்வார்.

முனையிலிருந்து 1,030 அடி தாண்டி முதலில் தொட்டது, துள்ளியது, 2,800 அடியில் மீண்டும் தொட்டது. உந்துவிசையைத் திருப்பி நிறுத்த எஞ்சின் இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி-ஸ்கிட் இல்லை. இருந்தது சேமிப்புக் கலனில் உள்ள அழுத்தத்தில் சில முறை மட்டும் அழுத்தக்கூடிய அவசரப் பிரேக். பிஷே முழுவதுமாக அழுத்தினார். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சுழலாமல் இழுபட்டன, சில நூறு அடிக்குள் டயர்கள் தேய்ந்து காற்றிறங்கின. விமானம் 7,600 அடியில் நின்றது. இடது சக்கரத் தொகுதியில் எழுந்த சிறு நெருப்பைத் தீயணைப்புப் படையினர் உடனே அணைத்தார்கள். அவசர வெளியேற்றத்தில் 16 பேருக்குச் சிறு காயம், பயணிகள் இருவருக்குப் பலத்த காயம். உயிரிழப்பு இல்லை.

பிறகு

போர்ச்சுகலின் விபத்து விசாரணை அமைப்பு அறிக்கை வெளியிட்டது. கனடாப் போக்குவரத்துத் துறை நிறுவனத்துக்கு 2,50,000 கனடா டாலர் அபராதம் விதித்தது, அந்நாட்டில் அதுவரை இல்லாத தொகை. விமானிகளுக்கு 2002இல் அமெரிக்க விமானிகள் சங்கத்தின் உயர்விருது கிடைத்தது. ஒரே நிகழ்வுக்கு அபராதமும் விருதும். இரண்டுமே பொருந்துகின்றன.

பிஷேயும் டி ஜாகரும் கசிவை அடையாளம் காணவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அவர்கள் மட்டும் பொறுப்பாளிகள் என்றாக்கினால், மூன்று அறிகுறிகளையும் ஒரே நேரத்தில் திரித்துக்காட்டிய காக்பிட்டையும், கசிவைச் சிமுலேட்டரில் காட்டாத பயிற்சியையும் விட்டுவிடுகிறோம். க்ராஸ்ஃபீட் வால்வைத் திறக்கும் முன் கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என்ற அறிவுறுத்தல் பின்னர் பறப்பு ஏடுகளில் அழுத்தமாகச் சேர்க்கப்பட்டது, அமெரிக்காவும் பிரான்சும் அதைக் கட்டாயமாக்கின. ஏர்பஸ் தன் மென்பொருளை மாற்றியது. எரித்தது, மிச்சம், ஏற்றியது ஆகிய மூன்றையும் இப்போது கணினியே இடைவிடாமல் கூட்டிப்பார்க்கிறது. பொருந்தாவிட்டால் விமானி தேடிப்போகாமலே திரையில் எச்சரிக்கை வரும். 2001இல் அந்தக் கூட்டலைப் பேனாவால் போட வேண்டியிருந்தது.

விமானம் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பறந்தது. அசோர்ஸ் கிளைடர் என்ற பட்டப்பெயரோடு பல ஆண்டுகள் அதே நிறுவனத்தில் ஓடியது.